'வந்துரும்'னு சொல்லாம கஸ்டமர் கேர்ல வேலை பாக்கறது எப்படி

நம்ம குமரி மாவட்டத்துல தெருவுக்கு ரெண்டு பிள்ளைங்களாவது இப்போ வாய்ஸ் புராசஸ்ல, அதாவது போன்ல கஸ்டமர்கிட்ட பேசற வேலைல இருக்கும். சிலது சென்னைல, சிலது பெங்களூர்ல, சிலது டெய்லி ட்ரெயின் புடிச்சு திருவனந்தபுரம் போய்ட்டு வருது, சிலது வீட்டு மாடிலயே நெட் போட்டு ஹெட்செட் மாட்டி உக்காந்திருக்கு (பக்கத்து வீட்டு கோழி கூவுனா க்யூஏ மார்க் போவும், அது தனி கதை). போன மாசம் எங்க சித்தி மவன் டிரெய்னிங் முடிச்சு நெஸ்டிங் (மேற்பார்வைல முதல் முதலா கால் எடுக்கற கட்டம்) போற சமயத்துல என்கிட்ட கேட்டான், "அண்ணே, பொய் சொல்லாம இந்த வேலைய பாக்க முடியுமா"ன்னு. முடியும், ஆனா அதுக்கு கொஞ்சம் பழக்கம் வேணும்னு சொன்னேன். அவனுக்கு வாட்சப்ல துண்டு துண்டா அனுப்பினத இப்போ ஒண்ணா சேத்து எழுதறேன், புதுசா சேர்ற மத்த பிள்ளைங்களுக்கும் ஆவட்டும்.

நான் யாருன்னா, அஞ்சு வருஷம் கால் எடுத்தவன், அதுக்கப்புறம் க்யூஏ, அதாவது மத்தவங்க பேசினத காதுல மாட்டி கேட்டு மார்க் போடற ஆளு. அந்த க்யூஏ சீட்டுக்கு மாறின முதல் மாசம் ஒரு வேலை குடுத்தாங்க, ஒரே நம்பர்ல இருந்து திரும்ப திரும்ப வர்ற காலை எல்லாம் எடுத்து ஏன் வருதுன்னு பாருன்னு. அதுல ஒரு நம்பர் குலசேகரம் பக்கம், பன்னெண்டு நாள்ல நாலு கால். ஏடிஎம்ல 10,000 ரூபா அமுக்கிருக்காரு, பைசா வெளிய வரல, அக்கவுண்ட்ல இருந்து போயிருச்சு. முதல் கால்ல ஒரு பொண்ணு "24 மணி நேரத்துல வந்துரும் சார்"னு சொல்லுது. ரெண்டாவது கால்ல ஒரு பையன் "48 மணி நேரத்துல கண்டிப்பா வந்துரும் சார், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லுதான், குரல் நல்லா கனிவா இருக்கு, க்யூஏ ஷீட்படி பாத்தா முழு மார்க் போடலாம், ஒரு பத்து செகண்ட் கழிச்சு தான் எனக்கு புரிஞ்சுது அது என் குரலாக்கும்னு.

நாலாவது கால்ல அவரு சத்தம் எல்லாம் போடல. "எனக்க மோளுக்க ஃபீஸ் பைசாவாக்கும் மக்கா. ஓரோ ஆளா வந்துரும் வந்துரும்னு சொன்னீங்க, நான் ஓரோ நாளும் பால் எடுக்கற நேரத்துல பேங்குக்கு ஓடினேன். பத்து நாளாவும்னு சொல்லியிருந்தா பத்து நாளு கழிச்சுல்லா போயிருப்பேன்." ரப்பர் தோட்டம் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும், விடியறதுக்கு முன்ன வெட்டி விட்டுட்டு நேரத்துக்கு போய் பால் எடுக்கலனா சிரட்டைலயே உறைஞ்சு ஒட்டுப்பாலா போயிரும், அதுக்கு விலை கம்மி. பேங்க் திறக்கற நேரமும் பால் எடுக்கற நேரமும் ஏறக்குறைய ஒண்ணு. நாங்க நாலு பேரும் ஆளுக்கொரு நாள் சொன்னதுக்கு அவரு தன் கூலில கட்டினாரு.

இதுல எனக்கு உறுத்துனது என்னன்னா, உண்மையான பதில் எங்க சிஸ்டத்துலயே கெடந்துச்சு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை போட்டுருக்கு, ஏடிஎம்ல பணம் வராம அக்கவுண்ட்ல கழிஞ்சா அந்த நாள்ல இருந்து 5 நாளுக்குள்ள பேங்க் தானாவே திருப்பி போடணும், அதுக்கு மேல லேட்டானா நாளுக்கு 100 ரூபா சேத்து குடுக்கணும், கஸ்டமர் கேக்கணும்னு கூட இல்ல. யூபிஐல ஆளுக்கு அனுப்புன பணம் நடுவுல நின்னா அடுத்த நாளுக்குள்ள, கடைக்கு போட்டது நின்னா 5 நாளுக்குள்ள, அதுக்கும் அதே நாளுக்கு 100. இத ஒருத்தராவது சொல்லியிருந்தா அவரு அஞ்சு நாளு நிம்மதியா வெட்டுக்கு போயிருப்பாரு, ஆறாவது நாளு வந்து 100 ரூபாயும் சேத்து கேட்டுருப்பாரு. நான் ஏன் சொல்லல? படிக்கல, அவ்வளவு தான். ஏஎச்டி (ஒரு காலுக்கு எடுக்கற சராசரி நேரம்) அஞ்சு நிமிஷம், வந்துரும்னு சொன்னா மூணு நிமிஷத்துல கால் முடியும்.

அதனால முதல் வேலை இதாக்கும்: உங்க புராசஸ்ல அடிக்கடி வர்ற ஒரு பத்து கேள்விக்கு கணக்கு நாளு எத்தனை, யாரு முடிவு எடுக்காங்க, லேட்டானா என்ன கிடைக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டிக்கிடுங்க (பேப்பர் விடாத ஃப்ளோர்னா மனசுல). பொய் சொல்றவங்கள்ல பாதி பேருக்கு பொய் சொல்லணும்னு ஆசையே கிடையாது, விஷயம் தெரியாது, தெரியலன்னு சொல்ல கூச்சம், வாய்ல வந்தத சொல்லிருவாங்க.

'ரும்'னு முடியற வார்த்தைய கவனிங்க

தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு, இத எந்த டிரெய்னரும் சொல்லித் தர மாட்டாங்க ஏன்னா டிரெய்னிங் மெட்டீரியல் எல்லாம் இங்கிலீஷ்ல இருந்து வருது. வரும், வந்துரும், வரணும், வந்திருக்கணும், வர வாய்ப்பிருக்கு, இது ஒவ்வொண்ணும் கேக்கறவங்க காதுல வேற வேற எடைல விழும். 'வந்துரும்'னா முடிஞ்ச காரியம், சத்தியம் பண்ணின மாதிரி. நம்ம வாய்க்கு அது ரொம்ப லேசா வருது, பஸ் வந்துரும், கரண்ட் வந்துரும்னு சொல்ற மாதிரி ரீஃபண்ட் வந்துரும்னு சொல்லிர்றோம். அந்தப் பக்கம் இருக்கறவங்க அத நம்பி பால்காரருக்கு நாளைக்கு தாறேன்னு சொல்லிட்டு இருக்காங்க.

அதே மாதிரி 'பண்ணிட்டேன்', 'பண்ணியாச்சு'. ரீஃபண்ட் பண்ணியாச்சுன்னு நீங்க சொல்றீங்க, உங்க ஸ்க்ரீன்ல இனிஷியேட்டட்னு தான் இருக்கு, அதாவது உங்க கம்பெனி அனுப்பற வேலைய ஆரம்பிச்சிருக்கு, அவங்க பேங்க்ல விழல. கஸ்டமர் போய் பாஸ்புக்க பதிஞ்சு பாத்துட்டு இல்லையேன்னு திரும்ப கூப்பிடுவாங்க, அப்போ நீங்களும் பொய்யரு கம்பெனியும் பொய்யு. சரியா சொல்லணும்னா இப்படி: "எங்க பக்கத்துல இருந்து இன்னைக்கு அனுப்பிருக்கோம்மா, உங்க பேங்க்ல ஏற இன்னும் அஞ்சாறு வேலை நாளு ஆவலாம், ஞாயிறு கணக்குல வராது. ஒரு நம்பர் சொல்றேன் எழுதிக்கிடுங்க, வரலனா பேங்க்ல இந்த நம்பரை காட்டினா தேடி சொல்லுவாங்க." யூபிஐல அந்த நம்பர் 12 இலக்கம், ஸ்க்ரீன்ல ஆர்ஆர்என்னோ யூடிஆர்னோ இருக்கும். அந்த நம்பரை குடுக்கறது இருக்கே, கஸ்டமர் உங்கள நம்ப வேண்டிய தேவையே இல்லாம பண்ணிரும், ஏன்னா அவங்களே போய் சரிபாத்துக்கலாம்லா. எனக்கு தெரிஞ்சு நம்பிக்கை வர்றதுக்கு அத விட நல்ல வழி இல்ல.

அப்புறம் 'செக் பண்றேன்'. உண்மையா செக் பண்ணினா மட்டும் சொல்லுங்க. மியூட்ல போட்டுட்டு பக்கத்து சீட்டுகாரன்கிட்ட சாப்பாடு என்னன்னு கேட்டுட்டு வந்து "செக் பண்ணிட்டேன் சார்"னு சொல்ற ரெக்கார்டிங் நான் எவ்வளவோ கேட்டுருக்கேன், நீங்க மியூட் போட்டாலும் ஸ்க்ரீன் ரெக்கார்ட் ஆவுது மக்கா, எந்த பக்கத்த திறந்தீங்க எதை திறக்கலன்னு தெரியும்.

'டீம்'னு ஒரு வார்த்தை இருக்கு, அது பெரிய மறைப்பு. "ரிக்வெஸ்ட் ரைஸ் பண்ணிருக்கேன், கன்சர்ன்ட் டீம் அப்டேட் பண்ணுவாங்க." கருங்கல் ஊர்ல இருந்து கூப்பிடற அம்மச்சிக்கு இதுல என்ன புரியும்? ஏதோ நல்லது நடக்குதுன்னு மட்டும் புரியும். அதையே பச்சையா சொல்லுங்க: "நான் உங்க புகாரை எழுதி வச்சிட்டேன்மா. முடிவு எடுக்கறது வேற ஆளுங்க, அவங்ககிட்ட நான் நேரா பேச முடியாது. அவங்களுக்கு குடுத்திருக்க கடைசி நாளு இந்த வெள்ளிக்கிழமை." கேக்க அவ்வளவு இதமா இருக்காது தான், ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்க திரும்ப கூப்பிட மாட்டாங்க.

தெரியலன்னா

"எனக்கு இது உறுதியா தெரியல சார், சீனியர்கிட்ட கேட்டு சொல்றேன், ரெண்டு நிமிஷம் ஆவும்." இந்த ஒரு வரிய பேசி பழகுங்க, கண்ணாடி முன்னால நின்னு கூட. நிறைய பிள்ளைங்க இதுக்கு பதிலா "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்"னு சொல்லும். நாகர்கோவில்ல எந்த டீக்கடைல கேட்டாலும் கஸ்டமர் கேர்னா சிஸ்டம் ஸ்லோன்னு தான் நக்கல் பண்ணுவாங்க, அந்த அளவுக்கு தேஞ்சு போன பொய். ரெண்டு நிமிஷம்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல திரும்ப வாங்க, பதில் கிடைக்கலன்னாலும் வந்து "இன்னும் பாத்துட்டு இருக்காங்க, லைன்ல இருக்கீங்களா இல்ல நான் கூப்பிடட்டுமா"ன்னு கேளுங்க. ஆனா கால்பேக் வசதி உங்க புராசஸ்ல இல்லன்னா அந்த ரெண்டாவத வாய்லயே எடுக்காதீங்க. நிறைய இன்பவுண்ட் (கஸ்டமர் நமக்கு கூப்பிடற) புராசஸ்ல ஏஜெண்ட் திரும்ப கூப்பிடவே முடியாது, பட்டனே கிடையாது, இருந்தும் கூப்பிடறேன்னு சொல்லுவாங்க.

"நீ எந்த ஊரு மக்கா"

நீங்க வேலை பாக்கறது ஒரு பிபிஓ, அதாவது வேற கம்பெனிக்காக கால் எடுத்துக் குடுக்கற கம்பெனி, சம்பளம் அங்க இருந்து, ஆனா போன எடுத்ததும் சொல்றது கிளையண்ட் பேரு. கஸ்டமர் சில சமயம் நேரா கேப்பாங்க, "நீ பேங்க் ஆளா, வெளி ஆளா?" இங்க நிறைய பேரு தடுமாறுவாங்க. வெண்டர் பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கும், சரி, சொல்ல வேண்டாம். ஆனா சொல்லாம இருக்கறது வேற, நான் பேங்க் ஆபிசர்னு சொல்றது வேற. "பேங்க் சார்பா பேசற கஸ்டமர் கேர் சார் இது. கார்டு பிளாக் பண்ண முடியும், புகார் பதிய முடியும். பணத்த எடுக்கவோ போடவோ எனக்கு அதிகாரம் கிடையாது." இப்படி சொன்னா கோவப்படுவாங்கன்னு தான் எல்லாரும் நெனைக்கறது, எனக்கு அனுபவத்துல கோவம் குறைஞ்சு தான் பாத்துருக்கேன், ஏன்னா நம்மள திட்டி பிரயோஜனம் இல்லன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருது, "சரி மக்கா, நீ என்ன பண்ண முடியுமோ பண்ணு"ன்னு இறங்கி வருவாங்க.

இன்டர்நேஷனல் புராசஸ்ல வேலைப் பேரு வைப்பாங்க, நம்ம பேரு அவங்க வாய்ல நுழையாதுன்னு. அது கூட போட்டும். ஆனா அந்த ஊரு வெதர கூகுள்ல பாத்துட்டு "இங்க செம குளிரு"ன்னு அடிச்சு விடறது இருக்கே, கோட்டாறுல வேர்த்து விறுவிறுத்து உக்காந்துகிட்டு, அது தேவையே இல்லாத பொய், யாரும் கேக்காமலே மாட்டிக்கறது.

நம்ம ஊரு கால் வந்தா இன்னொரு சோதனை. பேச்ச கேட்டதுமே கண்டுபிடிச்சிருவாங்க, நாம சென்னைத் தமிழ் பேசினாலும் ஒரு 'லா' நழுவிரும். "எடா, நீ நம்ம ஊரா? எங்க, திங்கள்சந்தையா?" அப்புறம் முழுசா நம்பிருவாங்க, நீ பாத்துக்கிடு மக்கா, நீ சொன்னா சரி. அந்த நம்பிக்கைய வச்சு ரெண்டு ஆட்-ஆன் (கூடுதல் காசுக்கு விக்கற சேவை) தள்ளி விட்டு டார்கெட் முடிக்கற ஆளுங்களையும் பாத்துருக்கேன், நல்லா சம்பாதிச்சாங்க, நான் அத எழுதி குடுத்து ரெண்டு பேருக்கு வேலை போச்சு, எனக்கு அதுல வருத்தம் இல்ல. ஊரைக் கேட்டா மாவட்டம் சொல்லுங்க, அதோட நிறுத்துங்க. சொந்த நம்பர் கேப்பாங்க, அன்பா தான் கேப்பாங்க, குடுக்காதீங்க.

பணம் போயிருச்சுன்னு அழுது கூப்பிடறவங்க

இங்க தான் 'கவலைப்படாதீங்க'ன்னு சொல்றது ரொம்ப ஆபத்து. ஓடிபி சொல்லி ஏமாந்து கூப்பிடறவங்ககிட்ட முதல்ல கார்டையும் அக்கவுண்டையும் பிளாக் பண்ணுங்க, ஆறுதல் அப்புறம். அடுத்து 1930க்கு உடனே கூப்பிட சொல்லுங்க, சைபர் குற்றத்துக்கான நம்பர், லேட்டாக லேட்டாக பணம் கை மாறிட்டே இருக்கும். அப்புறம் உண்மைய சொல்லுங்க. 2017 ஜூலைல வந்த ரிசர்வ் பேங்க் விதிப்படி, தப்பு பேங்க் பக்கமும் இல்ல கஸ்டமர் பக்கமும் இல்ல, வேற எங்கயோ நடந்துச்சுன்னா, 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா கஸ்டமருக்கு நஷ்டம் இல்ல. ஆனா அவங்களே ஓடிபிய குடுத்திருந்தா, புகார் குடுக்கற வரைக்கும் போனது அவங்க தலைல, புகார் குடுத்த நிமிஷத்துக்கு அப்புறம் போனா பேங்க் தலைல. அதனால புகார் நம்பரையும் பதிஞ்ச நேரத்தையும் நிறுத்தி நிதானமா சொல்லி எழுத வைங்க. கேக்க வலிக்கும். ஆனா முழுசா கிடைச்சிரும்னு சொல்லி அனுப்பிட்டு மூணு மாசம் கழிச்சு இல்லன்னு லெட்டர் போறத விட நல்லது.

நீங்களே கூப்பிடற அவுட்பவுண்ட் கால்னா, இப்போ யாரும் நம்ப மாட்டாங்க, நம்பாம இருக்கறது நல்லது தான், நம்ம அம்மாவுக்கும் அப்படித்தானே சொல்லிக் குடுத்திருக்கோம். "நம்பலன்னா கட் பண்ணிட்டு உங்க கார்டுக்கு பின்னால இருக்க நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கம்மா"ன்னு முதல்லயே சொல்லிருங்க. ஏமாத்தறவன் இத ஒருக்காலும் சொல்ல மாட்டான், அது அவங்களுக்கும் தெரியும். 1600ன்னு ஆரம்பிக்கற நம்பர் சர்வீஸ் காலுக்கு, 140 விளம்பர காலுக்கு, அதையும் சொல்லலாம். கால் கட் ஆனா உங்க கனெக்ட் கணக்கு (பேசி முடிச்ச கால் எண்ணிக்கை) குறையும், டிஎல் (டீம் லீடர்) மூஞ்சிய காட்டுவாரு, பரவால்ல.

இல்லன்னு சொல்றது

முடியாதுன்னா முதல் வாக்கியத்துலயே முடியாதுன்னு சொல்லுங்க, அப்புறம் காரணம், அப்புறம் அடுத்த வாசல் எது. "வாரண்டி முடிஞ்சிருச்சு சார், ஃப்ரீயா மாத்தித் தர முடியாது. இதுல உங்களுக்கு உடன்பாடு இல்லன்னா குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம், அங்கயும் சரியாகலன்னா 1915." நுகர்வோர் ஹெல்ப்லைன் அது, தமிழ்லயே பேசலாம். பேங்க் விஷயம்னா எழுதி குடுத்து 30 நாளு ஆகியும் பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரி), அதுக்கு 14448. கிளையண்ட்டுக்கு எதிரா நாமே வழி காட்டலாமான்னு புதுப்பிள்ளைங்க பயப்படுவாங்க, காட்டலாம், இது அவங்க வெப்சைட்லயே போட்டுருக்க வேண்டிய விஷயம் தான்.

கேன்சல் பண்ண கூப்பிட்டா ஒரு தடவ ஆஃபர் சொல்லுங்க, வேண்டாம்னா கேன்சல் பண்ணுங்க. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாத்து வேலைய பட்டியல் போட்டுச்சு, உள்ள இழுத்துட்டு வெளிய விடாம பண்ற சந்தா வலை அதுல ஒண்ணு. உங்க ஸ்கிரிப்ட் நாலு தடவ கெஞ்ச சொன்னா அத டிஎல்கிட்ட மெயில்ல கேளுங்க, வாயால கேக்காதீங்க, "இத தான் சொல்லணுமா, உறுதி பண்ணுங்க"ன்னு ஒரே வரி. எழுத்துல பதில் வராது பாருங்க, பாதி சமயம் ஸ்கிரிப்ட்டே மாறும். மாறலன்னா, வீட்டு நிலைமைய பாத்து முடிவு எடுங்க, நான் உங்கள ஹீரோ ஆவ சொல்ல மாட்டேன், ஆனா பொய்யான ஒரு தேதிய மட்டும் உங்க வாயால சொல்லாதீங்க.

சூப்பர்வைசர் கேட்டா பக்கத்து சீட்டுகாரன்கிட்ட ஹெட்செட்ட குடுத்து "நான் மேனேஜர் பேசறேன்"னு பேச வைக்கறது எல்லா ஃப்ளோர்லயும் இருக்க பழக்கம். ஆள் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் கால் கடைசில மார்க் கேக்கும்போது 5 அமுக்குங்க சார் இல்லன்னா என் வேலை போயிரும்ங்கற கெஞ்சல், விட்டுருங்க அத.

கால் முடிஞ்சப்புறம் ஒரு 40 செகண்ட்

நீங்க உண்மையா பேசினாலும் அடுத்து எடுக்கறவங்களுக்கு அது தெரியலன்னா வீணாப் போவும். நோட்ஸ்ல 'இன்ஃபார்ம்ட் கஸ்டமர்'னு மட்டும் அடிச்சுட்டு போறவங்கள எனக்கு புடிக்காது. என்ன சொன்னீங்களோ அத அடிங்க. அந்த குலசேகரம் அண்ணனுக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இது: "9ஆம் தேதி ஏடிஎம், 10,000 வரல. 14க்குள்ள வரணும்னு சொல்லியிருக்கு, 15ல இருந்து நாளுக்கு 100 உண்டுன்னும் சொல்லியிருக்கு. ஸ்லிப் கைல இருக்கு. பால்வெட்டு, காலைல கூப்பிட வேண்டாம்." இவ்வளவு தான். இது இருந்திருந்தா மூணாவது ஆளும் நாலாவது ஆளும் புதுசா ஒரு தேதி உருவாக்கியிருக்க மாட்டாங்க. கஸ்டமர் எடுக்கலன்னு பொய்யா டேக் பண்ணி டிக்கெட்ட மூடறதும் இதே ஜாதி தான், ஒரு ரிங் விட்டு கட் பண்ணினது டயலர்ல (கால் போடற சாஃப்ட்வேர்) தெரியும்.

டிஎல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணு. பிள்ளைங்க பொய் சொல்லுதுன்னா முக்கால்வாசி உங்க போர்டுல எழுதியிருக்க நம்பர் தான் காரணம். ஏஎச்டி மட்டும் எழுதினா வந்துரும் வந்துரும்னு தான் கேக்கும். பக்கத்துலயே ஏழு நாளுக்குள்ள திரும்ப வந்த கால் எத்தனைன்னு எழுதுங்க, அதை ஆளு வாரியா பாருங்க. எங்க ஃப்ளோர்ல எழுதினப்போ ஏஎச்டில முதல் இடத்துல இருந்த ஒரு தம்பி இதுல கடைசில போய் நின்னான், அவன் மூணு நிமிஷத்துல முடிச்ச காலை எல்லாம் மத்தவங்க எட்டு நிமிஷம் எடுத்து தொடைச்சிட்டு இருந்தாங்க.

நெஸ்டிங்ல இருக்க பிள்ளைங்க ஒரு காரியம் பண்ணுங்க. உங்க சொந்த கால்ல மூணு ரெக்கார்டிங் கேட்டு வாங்குங்க, டிஎல் குடுப்பாரு, கேக்கற ஆளு கம்மிங்கறதால சந்தோஷமா குடுப்பாரு. ஒரு பேப்பர்ல, வந்துரும், ஆயிரும், முடிஞ்சிரும்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்க, அதுல எத்தனை உங்க கைல இருந்த விஷயம்னு வட்டம் போடுங்க. நான் என்னோட அந்த ரெண்டாவது காலை எடுத்து போட்டு பாத்தேன், நாலு நிமிஷத்துல ஒம்பது கோடு, வட்டம் ஒண்ணு கூட இல்ல.